வரிசையில் வருகிற வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை இருக்கும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அதற்கு வாக்குத்தத்த அட்டை என்று பெயர். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து திருப்பிப் பார்ப்போம். "உனக்கு என்ன வந்திருக்கு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். பெருக்கம், உயர்வு, சுகம், சமாதானம் என்று ஏதாவது வந்திருக்கும். கண்டிக்கிற வசனம் யாருக்கும் வந்ததில்லை. அச்சகத்தில் அதை அடிப்பதே கிடையாது.

அட்டையைக் குறை சொல்ல வரவில்லை. என் வேதாகமத்துக்குள்ளும் பழைய அட்டைகள் சில கிடக்கின்றன. வருஷத்தில் ஒரு நாள் செய்வதை மற்ற எல்லா நாளும் செய்ய ஆரம்பித்துவிட்டோமே என்பதுதான் என் மனத்தாங்கல். கண் விழித்ததும் போனில் ஒரு வசனம். பின்னணியில் சூரியோதயம், இல்லாவிட்டால் ரோஜாப்பூ. அதை நாலு வாட்ஸ்அப் குழுவுக்குத் தட்டிவிட்டால் அன்றைய தியானம் முடிந்தது. வேதத்தைக் கையில் எடுத்தாலும் விரல் போன இடத்தில் திறந்து, இன்றைக்கு எனக்கு என்ன என்று தேடுகிறோம். மனசுக்கு ஒத்துவருகிற ஒன்று கண்ணில் படும்வரை பக்கம் புரளும். அப்படிக் கிடைக்கிற வசனம், ஏற்கெனவே நாம் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் பெரும்பாலும் திருப்பிச் சொல்லும்.

பல வருஷமாக அதிகாலையில் வேதத்தோடு உட்கார்ந்து பழகியவள் என்ற முறையில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: நான் தேடி எடுத்த வசனங்கள் எனக்கு ஆறுதல் தந்திருக்கின்றன, வளர்த்தவை வரிசையில் தானாக வந்தவை. அவற்றில் பாதிக்குமேல் எனக்கென்று எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள், திரும்பிப் பார் என்றன.

அட்டைப் பழக்கத்துக்கு ஒரு நல்ல பூர்வீகமும் உண்டு. ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியில் ஹெர்ன்ஹூட் என்று ஒரு சிற்றூர். விசுவாசத்துக்காக மொராவியாவைவிட்டு வந்தவர்கள் 1722 முதல் சின்செண்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறிக் கட்டிய ஊர். 1728-இல் ஒரு மாலைக் கூட்டத்தில் சின்செண்டார்ஃப் மறுநாளுக்கென்று ஒரு வசனத்தைக் கொடுத்தார். விடிந்ததும் அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். அதுவே வழக்கமாயிற்று; 1731-க்கு வருஷம் முழுவதற்குமான வசனங்கள் புத்தகமாகவே அச்சாகிவிட்டன. அந்தப் புத்தகம் இன்றும் வருஷந்தோறும் வருகிறது, ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில். பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப்போட்டு எடுத்து, அதற்கு இசைவான ஒன்றைப் புதிய ஏற்பாட்டிலிருந்து தேர்ந்து சேர்ப்பார்கள். சின்செண்டார்ஃப் சிறுவனாகப் படித்தது ஹாலே நகரத்தில் ஃபிராங்கே நடத்திய பள்ளியில். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனெரி சீகன்பால்கும் அந்த ஹாலே வட்டாரத்து மனிதர்தான். ஆகவே நமக்கும் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஹெர்ன்ஹூட்டில் எடுத்தது ஒரே சீட்டு. நோயாளி இருக்கிற வீட்டுக்கும் பிள்ளை பிறந்த வீட்டுக்கும் அன்றைக்கு அதே வசனம்தான். கொண்டுபோகிறவர் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். தட்டினால் உள்ளே என்ன நிலவரம் என்று தெரியாமல் திரும்ப முடியாது. நம் தட்டில் ஆளுக்கொரு அட்டை. எடுத்ததும் அவரவர் பைக்குள் போய்விடுகிறது.

வரிசையாகப் படிப்பது பற்றிச் சொல்கிறேன். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் ஆகும். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் முர்ரே மக்செய்ன் 1842-இல் தன் சபையாருக்கு ஓர் அட்டவணை போட்டுக்கொடுத்தார். நாளுக்கு நாலு அதிகாரம்: இரண்டு குடும்பத்தோடு, இரண்டு தனியே. வருஷ முடிவில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் முடிந்திருக்கும். மறு வருஷமே, முப்பது நிறையுமுன், அவர் இறந்துபோனார். அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அவரிடம் எனக்குப் பிடித்தது, அட்டவணையோடு அதன் அபாயங்களையும் அவரே எழுதிக்கொடுத்ததுதான். வெறும் சடங்காகிவிடலாம், படித்து முடித்தேன் என்ற மிதப்பு வரலாம், அவசர அவசரமாக ஓட நேரலாம், சிலருக்குத் தாங்காத நுகமாகலாம் என்று எச்சரித்திருக்கிறார். இன்றைக்கு அட்டவணை மட்டும் பரவுகிறது; எச்சரிக்கையை யாரும் அச்சிடுவதில்லை.

எனக்கு நாலு அதிகாரம் சரிப்படாது. ஒன்று போதும். ஆதியாகமத்தில் புறப்பட்டு வெளிப்படுத்தின விசேஷம் போய்ச்சேர மூன்றேகால் வருஷம் ஆகும், ஆகட்டும். ஒரே நிபந்தனை, வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணால் படித்தால் பெயர்களைத் தாண்டிவிடலாம், சட்டதிட்டங்களில் வழுக்கிக்கொண்டு போய்விடலாம். வாய்விட்டுப் படிக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பெயரையும் நாக்கு உருட்டியாக வேண்டும். பக்கத்து அறையில் ஆள் தூங்கினால் முணுமுணுப்பே போதும். உதடு அசைந்தால் சரி.

ஜனவரியில் உற்சாகமாக ஆரம்பிக்கிறவர்கள் பலர் பிப்ரவரியில் லேவியராகமத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அதைத் தாண்டினவர்களுக்கு நாளாகமம் முதலாம் புத்தகம் காத்திருக்கிறது. ஆதாமில் தொடங்கி முதல் ஒன்பது அதிகாரமும் பெயர்தான். "இதையெல்லாம் படிச்சு என்ன ஆகப்போவுது?" என்று ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

நாலாம் அதிகாரத்தில் யாபேஸ் இருக்கிறான். பெயர்களுக்கு நடுவே அவனுக்கென்று இரண்டு வசனம்: ஒரு வேண்டுதல், அது கேட்கப்பட்டது என்ற செய்தி. 2000-இல் புரூஸ் வில்கின்சன் அந்த ஜெபத்தை வைத்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். உலகமெங்கும் அமோகமாக விற்றது. எல்லையைப் பெரிதாக்கும்படி கேட்கிற ஜெபம் ஆகையால் வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் அது மனப்பாடம். அதே அதிகாரத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வசனம் கீழே போனால் மெல்லிய துணி நெய்த வீட்டார் வருகிறார்கள். அவர்களை ஒட்டிக் குயவர்கள் வருகிறார்கள். ராஜாவுடைய வேலையைச் செய்துகொண்டு அங்கேயே குடியிருந்தார்கள் என்பதோடு அவர்கள் கதை சரி. அவர்கள் என்ன கேட்டார்கள், கிடைத்ததா, எல்லை பெரிதானதா, ஒன்றும் இல்லை. யாபேஸை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அந்தக் குயவர்கள் இருந்ததே தெரியாது.

ஒன்பதாம் அதிகாரம் எனக்கு மிகவும் வேண்டியது. வாசல் காவலர்கள் 212 பேர். அவர்களில் சிலர் தேவனுடைய ஆலயத்தைச் சுற்றியே இராத் தங்குவார்கள்; காலைதோறும் கதவைத் திறக்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. சிலரிடம் ஆராதனைப் பாத்திரங்கள் இருக்கும். எண்ணி உள்ளே கொண்டுபோக வேண்டும், எண்ணி வெளியே கொண்டுவர வேண்டும். சட்டியில் சுடுகிற பண்டங்களுக்கு மத்தித்தியா என்று ஒருவர் பொறுப்பு. ஆலயம் என்றால் தாவீதும் சாலொமோனும் நினைவுக்கு வருகிறார்கள். பண்டம் சுட்டவர் பெயரையும் யாரோ அக்கறையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் சபையில் அசனம் என்கிற பொது விருந்து முடிந்ததும் அண்டா, வாளி, கரண்டி எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து எண்ணி ஸ்டோர் அறையில் பூட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். எந்தக் கமிட்டியிலும் அவர் பெயர் கிடையாது, மேடையில் யாரும் அவருக்கு நன்றி சொல்வதும் கிடையாது. ஒரு அசனத்தன்று அவரைக் கூப்பிட்டு இந்த இடத்தைக் காட்டினேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வேதாகமத்தை வாங்கினார். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். "நம்ம வேலையும் இதுல இருக்கா, டீச்சரம்மா?" என்றார். பிறகு, "சாம்பார்க் கரண்டி ஒண்ணு குறையுது, பாத்துட்டு வாரேன்" என்று போய்விட்டார். ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளின் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

சங்கீதங்களுக்கு வேறு வரிசை வைத்திருக்கிறேன். அது நான் கண்டுபிடித்ததல்ல. பேராயர் கிரான்மர் முன்னின்று 1549-இல் வெளிவந்த ஆங்கிலிக்கன் ஜெபபுத்தகத்திலிருந்து வருகிறது. 150 சங்கீதங்களையும் மாதத்தின் முப்பது நாளுக்குக் காலை, மாலை என்று அறுபது பங்காகப் பிரித்திருக்கிறார்கள். முதல் தேதி காலையில் ஒன்று முதல் ஐந்து வரை. முப்பதாம் தேதி மாலையில் 147 முதல் 150 வரை. 176 வசனம் நீள்கிற 119-ஆம் சங்கீதத்தை 24-ஆம் தேதி மாலையில் தொடங்கி 26-ஆம் தேதி மாலை வரை பரப்பியிருக்கிறார்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் ஊர்களில் அந்தப் புத்தகம் தமிழில் புழங்கியது. என் ஆச்சி காலத்தில் கிராமத்துக் கோயிலில் காலையும் மாலையும் மணி அடிக்கும், உபதேசியார் ஜெபம் நடத்துவார். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தேதியைச் சொன்னால் அன்றைய சங்கீதத்தில் பாதியை ஒப்பிப்பாள்.

இந்த வரிசைக்கு நம் மனநிலையைப் பற்றிக் கொஞ்சமும் கவலை இல்லை. அழுதுகொண்டு உட்காருகிற காலையில் கைத்தாளம் கொட்டுகிற சங்கீதம் வரும். சந்தோஷமான நாளில் புலம்பல் வரும். பதினேழாம் தேதி காலைக்குரியவை 86, 87, 88. இதில் 88 இருக்கிறதே, சங்கீதப் புத்தகத்திலேயே இருண்டது அதுதான் என்பேன். ஏமான் பேரில் இருக்கிறது. மற்றப் புலம்பல்களில் பெரும்பாலும் கடைசிக்குள் ஒரு திருப்பம் வரும். கேட்டருளினார், துதிப்பேன் என்று முடியும். இதில் அது கிடையாது. இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் இல்லை, கூட இருந்தவர்களும் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்ற முறையீட்டோடு இருட்டிலேயே நின்றுவிடுகிறது.

என் அண்ணன் மகள் கல்யாணம் ஒரு பதினேழாம் தேதி வந்தது. விடியுமுன் வீடெல்லாம் ஆள். பந்தல்காரர் ஒரு டியூப்லைட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார், பூக்கட்டு வந்து இறங்குகிறது, குளியலறை வாசலில் வரிசை. மாடிப்படியில் இடம் பிடித்து உட்கார்ந்து 88-ஆம் சங்கீதத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். காப்பி கொண்டுவந்த மைனி காதில் விழுந்துவிட்டது.

"ஏட்டி, கல்யாண வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னத்தப் படிச்சிக்கிட்டிருக்க?"

"தேதி பதினேழு, மைனி."

மைனி புத்தகத்தை வாங்கி நின்றபடியே மேலோட்டமாகப் பார்த்தாள். "இது நமக்கு உள்ளது இல்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எதிர்த்த வீட்டுக்கு உள்ளது" என்றாள்.

எதிர்வீட்டு அக்கா அந்த மாதம்தான் கணவரைப் பறிகொடுத்திருந்தார். பத்திரிகை கொடுத்தும், நல்ல காரியத்துக்கு நான் வரக்கூடாது என்று சொல்லியனுப்பிவிட்டார். கிறிஸ்தவ வீடுகளிலும் இந்த வழக்கம் இருக்கத்தான் செய்கிறது, வெட்கக்கேடுதான். அன்றைக்கும் அவர் வரவில்லை. ஆனால் முதல் பந்தி நடக்கும்போது மணப்பெண்ணின் தாயைக் காணோம் என்று எல்லாரும் தேடினார்கள். மைனி இரண்டு இலைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். கல்யாண ஆல்பத்தில் சில படங்களில் அவள் இல்லாததன் காரணம் போட்டோகிராபருக்கு இன்றுவரை தெரியாது.

பொருந்தாத சங்கீதத்தை என்ன செய்வது என்று ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் யோசித்திருக்கிறார். பின்கென்வால்டேயில் அவர் நடத்திவந்த போதகர் பயிற்சிப் பள்ளியை 1937-இல் நாஜிகள் மூடினார்கள். மாணவர்களோடு அங்கே ஒரே கூரையின்கீழ் வாழ்ந்ததைக் கொண்டு 1939-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். என் வாயில் வராத சங்கீதத்தை இன்னொருவர் ஜெபிக்கிறார், நான் அவரோடு சேர்ந்துகொள்கிறேன் என்பது அவர் சொல்வதன் சாரம். அந்த இன்னொருவர் கிறிஸ்து; அவரோடு அவருடைய சரீரமாகிய சபை முழுவதும். போன்ஹோஃபர் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். சிறையிலும் அவர் கையில் சங்கீதம் இருந்தது. அவர் எழுதியதைப் படிப்பதற்கு முன்பே மைனி அதை எனக்குச் சொல்லிவிட்டாள்.

அடுத்தது ஜெப நோட்டு. கோடு போட்ட சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு. நாளுக்கு ஒரு பக்கம் என்று ஏழு பக்கம். ஞாயிறுக்குச் சபையார், திங்களுக்குப் பழைய மாணவர்கள், இப்படி. அதில் பெயர் மட்டும்தான் எழுதுவேன், விஷயத்தை எழுத மாட்டேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு சொல்லுங்கள் என்றால் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். "ஜெபிக்கத்தான் சொல்றேன், வெளியில விட்டுராதீங்க" என்று ஆரம்பித்தால், அந்த வீட்டுக் கடனிலிருந்து மருமகள் கோபித்துக்கொண்டு போனதுவரை கால் மணி நேரம் ஓடும். ஜெபம் இரண்டு நிமிஷத்தில் முடியும். தேவனுக்கு விவரம் தேவையில்லை, நமக்குத்தான் தேவைப்படுகிறது. பெயரோடு நிறுத்திக்கொண்டால் விசா, வரன், ஆபரேஷன் என்று நாமே முடிவுசெய்துவைத்த தீர்வுகளும் ஜெபத்துக்குள் நுழையாது.

எங்கள் சபையில் ஒரு பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலுக்குப்பின் இரண்டு அணியாகிவிட்டார்கள். எதிரணியில் ஒருவர் என் குடும்பத்தைப் பற்றிப் பேசிய பேச்சு என் காதுக்கு வந்தது. அவர் பெயரை வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் எழுதினேன். சத்துருக்களுக்காக ஜெபிக்கும்படி இயேசு சொன்னார் என்பதால் எழுதினேனே தவிர, அன்பு பொங்கி எழுதவில்லை. ஆரம்பத்தில் ஜெபம் எல்லாம் அவர் திருந்த வேண்டும் என்றுதான் போயிற்று. பெயர் மட்டுமே எழுதியிருந்ததால் நாளாக நாளாக அந்த நீட்டலும் உதிர்ந்துபோய், பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கப் பழகினேன். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. இன்றும் அவர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார். ஆனால் யாராவது அவரைப் பற்றி நாலு வார்த்தை இழுத்துப் பேசும்போது சேர்ந்து பேச எனக்கு நாக்கு வரவில்லை. வாரா வாரம் கர்த்தர் முன்னால் சொல்கிற பெயர், கோயில் வாசலில் வேறு மாதிரி சொல்ல வரமாட்டேன் என்கிறது. ஆவிக்குரிய வளர்ச்சி என்று மேடைகளில் பெரிதாகப் பேசுகிறார்கள். என்னிடம் கேட்டால் இந்த நாக்கு வராமல் போவதைத்தான் காட்டுவேன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபியுங்கள் என்று கன்வென்ஷன் மேடையில் முழங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் வீட்டில் காப்பி போட்டுக்கொடுக்க ஓர் ஆள் இருக்கிறார். பிள்ளைகள் சிறிசாக இருந்த காலத்தில் எனக்குக் கிடைத்தது குக்கர் விசில்களுக்கு இடையிலான நேரம். அன்றைய சங்கீதத்தை அடுக்களைச் சுவரில் ஒரு தாளில் ஒட்டிவைத்துப் படித்தேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதிகாலை நல்ல நேரம்தான். இயேசுவும் இருட்டோடு எழுந்து தனித்த இடத்துக்குப் போனதாக மாற்கு எழுதுகிறார். அன்று அவரையும் ஆட்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்பதையும் மாற்கு அடுத்த வரியிலேயே எழுதுகிறார்.

அடுக்களை என்றதும் பிடி அரிசி நினைவுக்கு வருகிறது. ஆச்சி வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அதில் போடுவாள். போடும்போது கண்ணை மூடுவாள், உதடு அசையும். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்டதில்லை. கலயம் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். உபதேசியார் வீட்டுக்கும், ஏழைகளுக்கும், மிஷனெரி வேலைக்கும் என்று அந்த அரிசி பிரியும். ஆளுக்கு அளந்து போட்டதில்தான் கை வைத்தாள், மிச்சத்தில் எடுக்கவில்லை. பஞ்ச காலத்திலும் பிடி உண்டு, கை மட்டும் சற்றுச் சிறுக்கும் என்று அம்மா சொல்வார்.

1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில், சொந்த ஆட்களைக்கொண்டு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். வரலாற்றில் அவர் பெயர் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். அந்தக் காலத்து அடுக்களைகளில் கண்ணை மூடியவர்கள் பெயர்களை மட்டும் எந்த நாளாகமத்திலும் எழுதிவைக்கவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியின் தியானத்தில் 'எனக்கு' என்ற வார்த்தைக்கு இடமே இருந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஒப்பித்தது ஏமானுடையதும் தாவீதுடையதும். கையால் எடுத்து வைத்தது முகம் தெரியாத யாருக்கோ. வேதாகமத்தையும் நோட்டையும் பேனாவையும் பரப்பிக்கொண்டு நான் பாடுபடுவது அதைத்தான். இப்போது நானும் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். சபையில் பிடி அரிசி வாங்குவது நின்றுவிட்டதால், நிறைந்ததும் தெருமுனையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் கொடுக்கிறேன். குக்கருக்கு அரிசி களையும்போது எடுத்து வைக்க மறந்தால் மகன் பிள்ளை ஞாபகப்படுத்துவான். "ஆச்சி, பிடி போட்டாச்சா?" அவனுக்கு அது ஒரு விளையாட்டு. இருக்கட்டும்.

குடும்ப ஜெபத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரவு எட்டரைக்கு உட்காருவோம். ஒரு கீர்த்தனை, ஆளுக்கொரு வசனமாக ஒரு பகுதி, சின்ன ஜெபம், பரமண்டல ஜெபம். பெரியவர்கள் ஜெபத்தை நீட்டினால் பிள்ளைகள் தூங்கிவிடும், அவ்வளவுதான் அதில் உள்ள நுட்பம். போன்களை வேறு அறையில் வைத்துவிடுவோம். வேதத்தைப் போனில் படிக்கலாமே என்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. வாசிப்பின் நடுவில் திரையின் மேலே கரண்ட் பில் செய்தி வந்து இறங்கும்வரை காத்திருப்பேன்.

உணர்ச்சி வரவில்லை, படித்தால் வறட்சியாக இருக்கிறது என்று இளம்பிள்ளைகள் வந்து சொல்வார்கள். அவர்களைத் தேற்ற நான் ஒன்றும் சொல்வதில்லை. நாளாகமத்து வாசல் காவலர்களுக்குக் காலைதோறும் புல்லரித்திருக்கும் என்று எங்கும் எழுதவில்லை. கதவைத் திறந்தார்கள்.

போன மாதம் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் வந்திருந்தாள். "டீச்சர், நானும் ஆரம்பிக்கணும். ஜனவரி ஒண்ணாம் தேதியிலிருந்து ஆரம்பிக்கட்டுமா?" என்றாள். இன்றைக்குத் தேதி என்ன என்று கேட்டேன். பதினொன்று என்றாள். அப்படியானால் சாயங்காலம் 59, 60, 61 என்றேன். விழித்தாள். சங்கீதத்தை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஊரெல்லாம் நடந்துகொண்டிருக்கிற ஜெபத்தில் வந்த இடத்தில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். கூடவே ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில், விடுதியில் அவளுக்கு ஆகாத பெண் யாரோ அவள் பெயரை எழுதச் சொன்னேன். "வேற யாரும் வேண்டாமா டீச்சர்?" என்றாள். மற்றவர்கள் தாங்களாக வந்து சேர்வார்கள் என்றேன்.

வாசல்வரை போனவள் திரும்பி, "முப்பத்தொண்ணாம் தேதி வந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை, கணக்குப் பிள்ளை. அதற்கும் 1662-ஆம் வருஷத்து ஜெபபுத்தகம் வழி சொல்லியிருக்கிறது: முப்பதாம் நாளுக்குரியதையே திரும்பப் படிக்கலாம். பிப்ரவரியில் 28-ஓடோ 29-ஓடோ நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை விட்டுவிட்டு, மார்ச் முதல் தேதி மறுபடி முதல் சங்கீதத்துக்கு வந்துவிட வேண்டும்.